சின்னப் பாய்மரப் படகுக்குக் கடல் சார்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து புதுச்சேரி வரை, சில சமயம் இன்னும் தெற்கே, சின்னப் பாய்மரப் படகில் போய்வருகிறவர்களோடு பல வருடமாகப் பழகுகிறேன். புதிதாக வருகிறவர்கள் காற்றையும் பாயையும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். சார்ட் என்று வந்ததும் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடங்களில் தடுமாறுகிறார்கள். அந்தச் சந்தேகங்களை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே போகின்றன என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

சார்ட்னா மேப்தானே? கூகுள் மேப்ல கடலும் தெரியுதே, அது போதாதா?

போதாது. நிலத்து மேப் கண்ணுக்குத் தெரிவதைக் காட்டுகிறது. சார்ட் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுகிறது: தண்ணீருக்கு அடியில் எவ்வளவு ஆழம், தரை மணலா பாறையா, மூழ்கிய கப்பல் எங்கே கிடக்கிறது, இரவில் எந்த விளக்கு எப்படி மின்னும், எங்கே நங்கூரம் போடக் கூடாது. கூகுள் மேப்பில் கடலுக்கு மேல் பூசிய நீலம் இதில் எதையும் சொல்லாது. அதில் நிழல் போலத் தெரியும் ஆழமும் பெரும் பரப்புக்கான தோராயம்தான். ஒன்றரை மீட்டர் கீல் (படகின் அடியில் நீண்டிருக்கும் பகுதி) உள்ள படகுக்கு அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சார்ட் என்பது ஒருவர் ஒரு நாளில் போய் அளந்து எழுதிவைத்த பதிவு. யார் அளந்தார், எப்போது அளந்தார், எவ்வளவு நெருக்கமாக அளந்தார் என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும். இங்கே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை அந்த மூன்றிலும் இருக்கிறது.

நம்ம கடலுக்கு சார்ட் யார் போடுறாங்க? எங்க வாங்கறது?

டேராடூனில் உள்ள தேசிய நீர்ப்பரப்பியல் அலுவலகம். இந்தியக் கடற்படையின் கீழ் இயங்குகிறது. கடலை அளக்கும் அலுவலகம் இமயமலை அடிவாரத்தில் இருப்பது பலருக்கு ஆச்சரியம். 1874-இல் கல்கத்தாவில் தொடங்கிய துறை அது, 1954-இல் டேராடூனுக்கு வந்தது. காகித சார்ட்டும் மின்னணு சார்ட்டும் போடுகிறார்கள். துறைமுக நகரங்களில் இருக்கும் அங்கீகாரம் பெற்ற முகவர்கள் வழியாக வாங்கலாம். எந்தப் பகுதிக்கு எந்த எண் என்பதை அவர்களுடைய சார்ட் அட்டவணையில் பார்த்து, எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 'சென்னை சார்ட் ஒன்னு குடுங்க' என்று கேட்டால் எந்த அளவுகோலில் கிடைக்கும் என்று தெரியாது.

பிரிட்டிஷ் நீர்ப்பரப்பியல் அலுவலகம் வெளியிடும் அட்மிரால்டி சார்ட்டுகளும் உலகம் முழுவதற்கும் உண்டு, நம் கரைக்கும் உண்டு. போன் ஆப் என்றால் நேவியானிக்ஸ், சி-மேப் போன்றவை சந்தாவில் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றிக் கீழே தனியாகப் பேசுவோம்.

அமெரிக்காவுல எல்லா சார்ட்டும் ஃப்ரீயாமே. அதையே இறக்கிக்கலாமா?

இலவசம் என்பது உண்மை. நோவா என்ற அமெரிக்க அமைப்பு தன் மின்னணு சார்ட்டுகளை யாரும் இறக்கிக்கொள்ளத் தருகிறது. ஆனால் அவை அமெரிக்கக் கடலுக்கு மட்டும்தான். சென்னைக்கு முன்னால் இருக்கும் தண்ணீர் அதில் இல்லை.

ஆனாலும் ஒரு வேலைக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள்: பழகுவதற்கு. ஓப்பன்சிபிஎன் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டு, ஏதாவது ஓர் அமெரிக்க விரிகுடாவின் சார்ட்டை அதில் திறந்து, வழி போட்டுப் பாருங்கள். குறியீடுகள் அனைத்தையும் விளக்கும் 'சார்ட் எண் 1' என்ற அமெரிக்கக் கையேடும் இலவசம். குறியீடுகள் பெரும்பாலும் உலகப் பொதுவானவை என்பதால் அங்கே கற்றது இங்கே அப்படியே உதவும்.

ஒரே ஒரு சார்ட் வாங்கினா சென்னையிலேர்ந்து பாண்டி வரைக்கும் போதுமா?

குறைந்தது மூன்று வேண்டும். முழு வழியையும் காட்டும் கரையோர சார்ட் ஒன்று, கிளம்பும் துறைமுகத்துக்கு ஒன்று, சேரும் இடத்துக்கு ஒன்று. கரையோர சார்ட் 1:3,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சென்டிமீட்டர் மூன்று கிலோமீட்டர். உங்கள் பென்சில் முனை அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால், அது போடும் கோடே 150 மீட்டர் அகலம். அதை வைத்துத் துறைமுக வாயில் நுழைய முடியுமா? 1:10,000-இல் உள்ள துறைமுக சார்ட்டில் அதே பென்சில் கோடு ஐந்து மீட்டர்தான்.

போகிற வழியில் புயல், உடைந்த சுக்கான், சுகமில்லாத ஆள் என்று ஏதாவது வந்தால் நடுவில் எங்கே ஒதுங்குவீர்கள் என்பதையும் யோசித்து, அந்த இடத்தின் பெரிய அளவுகோல் சார்ட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். 'பெரிய அளவுகோல்' என்றால் சின்ன இடத்தைப் பெரிதாகக் காட்டுவது. இதை எல்லோரும் தொடக்கத்தில் தலைகீழாகத்தான் புரிந்துகொள்கிறார்கள்.

நீலமா இருக்குற இடம் ஆழம், வெள்ளையா இருக்குற இடம் ஆழம் கம்மி, சரியா?

நேர் எதிர். நம் ஊர் சார்ட்டில் வெள்ளை என்பது ஆழமான, நிம்மதியான தண்ணீர். நீலம் ஆழம் குறைந்தது. நீலம் அடர்ந்தால் இன்னும் குறைவு. பச்சை என்றால் ஓதம் (கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம்) வற்றும்போது வெளியே தெரியும் தரை. மஞ்சள் நிலம். நீலத்தைப் பார்த்ததும் எச்சரிக்கை வர வேண்டும்.

எண்கள் எல்லாம் ஆழம். பக்கத்தில் சின்னதாக இன்னோர் எண் இருந்தால் அது புள்ளிக்குப் பின்னால் வருவது: 3-க்குக் கீழே ஒட்டினாற்போல் சின்ன 4 இருந்தால் 3.4 மீட்டர். அடிக்கோடு போட்ட எண் வேறு மாதிரி; அந்த இடம் ஓதம் வற்றும்போது தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கும் என்று அர்த்தம். படிக்கத் தொடங்கும் முன் தலைப்பில் அளவு மீட்டரா, பாகமா என்று பார்த்துவிடுங்கள். பழைய சார்ட்டுகள் ஃபேதம் கணக்கில் இருக்கும். நம் மீனவர்கள் 'பாகம்' என்று சொல்வது அதற்குச் சமமானதுதான், 1.83 மீட்டர் சுற்று. அதில் 2 என்று போட்டிருந்தால் மூன்றரை மீட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது.

எண் பக்கத்துல ஏதேதோ இங்கிலீஷ் எழுத்து இருக்கே, அது என்ன?

தனியாக நிற்கும் எழுத்துகள் தரையைச் சொல்கின்றன. எஸ் மணல், எம் சேறு, ஆர் பாறை, சிஓ பவளம். நங்கூரம் போட இதுதான் முக்கியம். மணலிலும் சேற்றிலும் நங்கூரம் பிடிக்கும்; பாறையில் வழுக்கும் அல்லது சிக்கி வராமல் போகும். பவளத்தில் போடவே கூடாது. அந்தக் காலத்தில் ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்குவார்கள். ஒட்டிக்கொண்டு வந்த மணலையோ சேற்றையோ பார்த்து எழுதிவைத்த எழுத்துகள்தான் இவை.

விளக்குக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு வரி இருக்கும். எத்தனை முறை மின்னும், எத்தனை வினாடிக்கு ஒருமுறை சுற்று திரும்பும், என்ன உயரம், எவ்வளவு தூரம் தெரியும் என்று வரிசையாக வரும். அதில் சின்ன எம் உயரத்துக்கான மீட்டர், பெரிய எம் தூரத்துக்கான கடல் மைல். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 28 மைல் என்று போட்டிருந்தால் உங்களுக்கும் 28 மைலிலிருந்து தெரியும் என்று நினைக்காதீர்கள். அது விளக்கின் வலிமை. பூமியின் வளைவு உங்களை மறைக்கும். விளக்கு 50 மீட்டர் உயரம், உங்கள் கண் தண்ணீரிலிருந்து 2 மீட்டர் என்றால் 17, 18 மைலுக்கு வந்த பிறகுதான் அது தொடுவானத்துக்கு மேலே வரும். விளக்கு இன்னும் தெரியவில்லையே, வழி தவறிவிட்டதோ என்று நள்ளிரவில் பதறியவர்களை எனக்குத் தெரியும்.

தூரத்தை எப்படி அளக்கறது? ஸ்கேல் வச்சா?

சார்ட்டின் இடது, வலது ஓரங்களில் உள்ள அட்சரேகைக் கோடுதான் உங்கள் ஸ்கேல். அதில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். டிவைடரை (இரண்டு ஊசிமுனை உள்ள கவராயம்) இரண்டு இடத்திலும் விரித்து வைத்து, அப்படியே பக்கத்து ஓரத்துக்குக் கொண்டுபோய், நீங்கள் இருக்கும் அட்சரேகைக்கு நேராக வைத்து நிமிடங்களை எண்ணுங்கள். சென்னை சுமாராக 13 டிகிரி 5 நிமிடம் வடக்கு, புதுச்சேரி 11 டிகிரி 55 நிமிடம். வித்தியாசம் 70 நிமிடம். அப்போது தெற்கே மட்டும் 70 மைல். கரை தென்மேற்காகச் சாய்வதால் உண்மையான வழி இன்னும் கொஞ்சம் கூடும்.

மேலேயும் கீழேயும் உள்ள தீர்க்கரேகைக் கோட்டில் அளக்கவே கூடாது. நம் பக்கத்தில் அப்படி அளந்தால் தவறு மூன்று சதவீதத்துக்குள்தான் வரும், அதனால் யாருக்கும் உறைப்பதில்லை. பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பிறகு 60 டிகிரி அட்சரேகையில், நார்வே பக்கம் ஒரு படகில் ஏறினால் அதே பழக்கம் தூரத்தை இரண்டு மடங்காகக் காட்டும்.

சார்ட்ல 2.3 மீட்டர்னு போட்டிருக்கு. என் படகு ஒன்றரை மீட்டர் தண்ணிக்குள்ள இறங்கும். தாராளமா போகலாம்ல?

அந்த 2.3 எந்த மட்டத்திலிருந்து அளந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். அதை சார்ட் டேட்டம் என்பார்கள். ஓதம் மிக அரிதாகவே அதற்குக் கீழே இறங்கும். இந்தியத் துறைமுகங்களுக்காக அப்படி ஒரு மட்டத்தை வகுத்தவர் ஜார்ஜ் டார்வின், சார்லஸ் டார்வினின் மகன். ஆக, சாதாரண நேரத்தில் சார்ட் சொல்வதைவிடத் தண்ணீர் கூடுதலாகவே இருக்கும். எவ்வளவு கூடுதல் என்பதை இந்திய சர்வே துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம்.

அந்த நேரத்து ஓதம் 0.6 மீட்டர் என்றால் தண்ணீர் 2.9. படகின் 1.5 போக அடியில் 1.4 மிச்சம். சரி, இப்போது அலையைச் சேருங்கள். ஒரு மீட்டர் அலை என்றால் அதன் பள்ளத்தில் படகு அரை மீட்டர் கீழே இறங்கும். மிச்சம் 0.9. அளவில் இருக்கக்கூடிய பிழையையும் கழித்தால் (அது கீழே வருகிறது) கையில் ஒன்றும் நிற்காது. நான் அங்கே போகமாட்டேன்.

சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமி ஓதமே ஒரு மீட்டர் சுற்றுதான். குஜராத்தில் காம்பத் வளைகுடாவில் அது பத்து மீட்டர் வரை போகும். அங்கே பழகியவர் ஓதத்தைப் பார்க்காமல் படகை எடுக்கமாட்டார். இங்கே பழகியவர்களுக்கு அந்தக் கவனம் வருவதில்லை. ஏற்றத்தில் தரை தட்டினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. வற்றத்தில் தட்டினால் ஆறு மணி நேரத்தில் தண்ணீர் உங்களைத் தூக்கிவிடும். அமாவாசை ஏற்றத்தின் உச்சியில் தட்டினால் அடுத்த அமாவாசையோ பௌர்ணமியோ வர வேண்டும்.

போன்ல ஆப் இருக்கு, ஜிபிஎஸ் இருக்கு. இதுக்கு மேல காகிதம் எதுக்கு?

ஆப் நல்ல கருவி. நானும் வைத்திருக்கிறேன். ஆனால் ஏப்ரல் வெயிலில் திறந்த படகில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். போன் சூடாகித் திரையை மங்கலாக்கும், பிறகு தானே அணையும். உப்புத் தண்ணீர் பட்ட விரலை அது அறியாது. அந்தச் சில இஞ்ச் திரையில் முழு வழியையும் பார்க்க வேண்டுமென்றால் சுருக்கியாக வேண்டும், சுருக்கினால் என்ன ஆகும் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன். தவிர, இந்த ஆப்களே அதிகாரபூர்வ சார்ட்டுக்கு மாற்று இல்லை என்று திறக்கும்போதே எழுதிக் காட்டுகின்றன. நாம்தான் படிக்காமல் 'சரி' என்று தட்டிவிடுகிறோம்.

உலகப் போக்கு காகிதத்தை விட்டு விலகுவதுதான், அதையும் மறைக்க வேண்டாம். அமெரிக்க நோவா 2019-இல் அறிவித்து, படிப்படியாகத் தன் பழைய காகித சார்ட் வரிசையை நிறுத்தியது. பிரிட்டிஷ் அலுவலகம் 2026-உடன் நிறுத்துவதாக இருந்து, பிறகு குறைந்தது 2030 வரை தொடர்வதாக மாற்றிக்கொண்டது. இருந்தாலும் ஒரே மின்கலத்தை நம்பிப் போகும் சின்னப் படகில், மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு காகிதம் இருக்க வேண்டும். அதோடு ஒரு டிவைடர், இணைகோடு இழுக்கும் பேரலல் ரூலர், 2பி பென்சில், நல்ல அழிப்பான், கையில் பிடிக்கும் காம்பஸ்.

ராஸ்டர், வெக்டர்னு ரெண்டு சொல்றாங்களே, எது நல்லது?

ராஸ்டர் என்பது காகித சார்ட்டை அப்படியே படம் எடுத்தது. பெரிதாக்கினால் எழுத்தும் பெரிதாகும். புதிதாக எதுவும் வராது. வெக்டர் என்பது தகவல் அடுக்கு. எவ்வளவு பெரிதாக்குகிறீர்களோ அதற்கேற்ப விவரம் வந்துகொண்டே இருக்கும். பாறையைத் தொட்டால் அதன் விவரம் வரும். இன்றைக்கு வரும் எல்லாமே பெரும்பாலும் வெக்டர்தான்.

வெக்டரின் ஆபத்து, சுருக்கும்போது விவரங்கள் சத்தமில்லாமல் மறைந்துவிடுவது. 2014 நவம்பர் 29 அன்று, வால்வோ ஓஷன் ரேஸில் கேப் டவுனிலிருந்து அபுதாபிக்குப் போய்க்கொண்டிருந்த வெஸ்டாஸ் விண்ட் என்ற பந்தயப் படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் இருட்டில் முழு வேகத்தில் ஏறியது. உலகின் தேர்ந்த மாலுமிகள், விலை உயர்ந்த கருவிகள். போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் அந்தத் திட்டு அவர்கள் கண்ணில் படவில்லை. படகில் இருந்த ஒன்பது பேரும் உயிர் தப்பினார்கள் என்பதே பெரிய விஷயம்.

ஆகவே வழிக்கோட்டைப் போட்ட பிறகு, கிளம்பும் முன், கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுவதும் பெரிதாக்கி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து முடியுங்கள். புதுச்சேரி வழிக்கு இருபது நிமிடம் ஆகும். இதைச் செய்யாத யாரோடும் நான் இரவில் கடலுக்குப் போவதில்லை.

காம்பஸ் காட்டுற வடக்கும் சார்ட்டு வடக்கும் ஒன்னுதானே?

இல்லை. சார்ட்டில் அச்சிட்டிருக்கும் காம்பஸ் வட்டத்தில் காந்த விலகல் எவ்வளவு, எந்த ஆண்டுக்கானது, ஆண்டுக்கு எவ்வளவு மாறுகிறது என்று எழுதியிருக்கும். காம்பஸ் காட்டியதை சார்ட்டுக்குக் கொண்டுவரும்போது விலகல் கிழக்கு என்றால் கூட்டு, மேற்கு என்றால் கழி. நம் கரையில் இந்த விலகல் ஓரிரு டிகிரிக்கு மேல் போகாது.

இங்கே பெரிய தவறு வேறு இடத்திலிருந்து வருகிறது. காம்பஸுக்குப் பக்கத்தில் போன், ஒலிபெருக்கி, இரும்புக் கத்தி என்று எதையாவது வைத்துவிடுகிறார்கள். பத்து, பதினைந்து டிகிரி இழுத்துவிடும். காம்பஸைச் சுற்றி ஒரு முழத்துக்கு எதுவும் இருக்கக் கூடாது.

ஜிபிஎஸ் செத்துப்போச்சுன்னா நடுக்கடல்ல நான் எங்க இருக்கேன்னு எப்படித் தெரியும்?

கரை தெரிந்தால் சுலபம். சார்ட்டில் குறித்திருக்கும் மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுங்கள்: கலங்கரை விளக்கம், கோபுரம், புகைபோக்கி. ஒவ்வொன்றின் திசையையும் கைக் காம்பஸில் பார்த்து, மேலே சொன்ன திருத்தம் செய்து, சார்ட்டில் அந்தப் பொருளிலிருந்து கோடு இழுங்கள். மூன்று கோடும் சேரும் இடம் நீங்கள். சின்னப் படகில் அவை ஒரே புள்ளியில் சேராது, ஒரு முக்கோணம் வரும். அதில் ஆபத்துக்கு மிக அருகில் உள்ள மூலையில் இருப்பதாக வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

கரை தெரியவில்லை என்றால் கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து கணக்குப் போட வேண்டும். நான்கு நாட் (மணிக்கு நான்கு கடல் மைல்) வேகத்தில் ஒன்றரை மணி நேரம் போனால் ஆறு மைல். இதற்கு மணிக்கு ஒருமுறை நேரம், திசை, வேகம் மூன்றையும் நோட்டில் எழுதியிருக்க வேண்டும். ஜிபிஎஸ் நன்றாக வேலை செய்யும்போதே எழுதியிருக்க வேண்டும். நீரோட்டத்தையும் மறக்கக் கூடாது. நம் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது தெற்கே ஓடும். மார்ச், ஏப்ரலில் வடக்கே. ஒரு நாட் வேகம் என்றாலும் ஆறு மணி நேரத்தில் உங்களை ஆறு மைல் நகர்த்தியிருக்கும்.

நண்பர்கிட்ட பழைய சார்ட் இருக்கு, சும்மா தர்றேங்கறாரு. வாங்கிக்கலாமா?

சுவரில் மாட்ட, பழகிப் பார்க்க, தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். வழி பார்க்க என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். கீழ் இடது மூலையில் திருத்தங்களின் எண்களும் ஆண்டும் எழுதியிருக்கும். கடைசித் திருத்தம் எந்த ஆண்டு? அதற்குப் பிறகு வந்தவற்றை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். டேராடூன் அலுவலகம் மாதம் இருமுறை மாலுமிகளுக்கான அறிவிப்பை வெளியிடுகிறது; அவர்கள் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். புது மிதவை, மாற்றிய விளக்கு, கண்டுபிடித்த கப்பல் சிதைவு எல்லாம் அதில் வரும். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள் இல்லாத சார்ட்டைக்கூட ஒருவர் கையில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, அட்சரேகை, தீர்க்கரேகையை எந்தக் கணக்கில் வைத்து வரைந்தார்கள் என்பது. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற கணக்கு. பழைய இந்திய சார்ட்டுகள் எவரெஸ்ட் என்ற பழைய கணக்கில் வரைந்தவை. ஜிபிஎஸ் எண்ணை அதில் அப்படியே குறித்தால் சில நூறு மீட்டர் வரை தள்ளி விழலாம். சில சார்ட்டுகளில் எவ்வளவு தள்ளிக் குறிக்க வேண்டும் என்று நிமிடக் கணக்கில் குறிப்பு இருக்கும். 0.1 நிமிடம் என்று பார்த்ததும் அற்பமாகத் தோன்றும். அது 185 மீட்டர்.

சார்ட்ல இருக்குற ஆழத்தை எவ்வளவு நம்பலாம்?

மின்னணு சார்ட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நம்பகத் தரம் உண்டு. ஏ1 என்றால் இடத்தில் 5 மீட்டர், ஆழத்தில் அரை மீட்டரும் ஆழத்தின் ஒரு சதவீதமும் வரை பிழை இருக்கலாம். பி என்றால் இடத்தில் 50 மீட்டர், ஆழத்தில் ஒரு மீட்டரும் இரண்டு சதவீதமும். சி என்றால் இடத்தில் 500 மீட்டர், ஆழத்தில் இரண்டு மீட்டரும் ஐந்து சதவீதமும். இப்போது 2.3 மீட்டர் கேள்விக்குத் திரும்பிப் போங்கள். அந்த இடம் சி தரம் என்றால் அந்த எண்ணுக்கே அர்த்தம் போய்விடுகிறது. காகித சார்ட்டில் இதற்குப் பதிலாக, எந்த ஆண்டு, எந்த அளவுகோலில் அளந்தார்கள் என்று காட்டும் சிறு கட்டம் ஒன்று இருக்கும். எல்லோரும் தாண்டிப் போவது அந்தக் கட்டத்தைத்தான், நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

நன்றாக அளந்த இடமும் அப்படியே இருக்காது. சோழமண்டலக் கரையில் மணல் நடந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதே அதிகம். சென்னைத் துறைமுகச் சுவர் அந்த மணலைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அவ்வளவு அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. ஆற்று முகத்துவாரங்கள் இன்னும் மோசம். ஒரு பருவத்தில் திறந்திருக்கும், அடுத்ததில் மணல் மூடிவிடும். பல வருடத்துக்கு முன் கோவளம் முகத்துவாரத்துக்கு வெளியே, சார்ட்டில் மூன்று மீட்டர் என்று இருந்த இடத்தில் என் படகின் கீல் மணலில் உட்கார்ந்தது. அலை ஒவ்வொன்றும் தூக்கித் தூக்கிப் போட்டது. சார்ட்டில் பிழை இல்லை. அளந்த ஆண்டு அதில் தெளிவாக எழுதியிருந்தது, நான் பார்க்கவில்லை. அன்று இழுத்துவிட்டவர்கள் அந்தக் குப்பத்து மீனவர்கள்.

மீனவங்க யாரும் சார்ட் வச்சிருக்கறதில்லையே. அவங்க போகலையா?

அவர்களிடம் சார்ட் இருக்கிறது, காகிதத்தில் இல்லை, அவ்வளவுதான். எத்தனை பாகத்தில் சேறு தொடங்குகிறது, எங்கே பார் (கடலடிப் பாறைத்திட்டு) கிடக்கிறது, எந்த மாதம் நீரோட்டம் எப்படித் திரும்பும் என்று தலைமுறையாகச் சேர்த்த அளவு அது. கரையில் முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்து, வேறு திசையில் இன்னும் இரண்டை அதேபோல் வைத்து, கடலுக்கடியில் இருக்கும் பாரைச் சரியாகக் கண்டுபிடிப்பார்கள். குமரிப் பக்கம் இதைக் கணிச்சம் என்பார்கள். ஜிபிஎஸ் செத்துப்போனால் என்ற கேள்விக்குச் சொன்ன மூன்று கோட்டு முறையைவிட இது துல்லியம். காம்பஸ் பிழை இதில் நுழையவே முடியாது. இப்போது அவர்களில் பலர் அந்த இடங்களை ஜிபிஎஸ்ஸிலும் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த அறிவு அவர்கள் ஊர்த் தண்ணீருக்கானது. நீங்கள் சென்னையிலிருந்து புதுச்சேரி போகும்போது எத்தனையோ மீனவக் கிராமங்களின் தண்ணீரைக் கடக்கிறீர்கள். எனவே சார்ட் வேண்டும். அப்புறம், நங்கூரம் போட நினைக்கும் ஊரில் முன்பே போய் ஒரு காலையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். 'அண்ணே, இந்தச் சார்ட்டுல இங்க மூணு மீட்டர்னு போட்டிருக்கான், இப்ப எப்படி இருக்கு?' என்று விரித்துக் காட்டிக் கேளுங்கள். எனக்குக் கிடைத்த மிக நல்ல திருத்தங்கள் இப்படி வந்தவை. பென்சிலில் குறித்து, பக்கத்தில் தேதியும் எழுதிக்கொள்வேன்.

ஊதா கலர்ல புள்ளிக்கோடு போட்டு சில இடத்தை அடைச்சிருக்காங்களே?

கட்டுப்பாடு உள்ள பகுதிகள். உள்ளே எழுதியிருப்பதையும் ஓரக் குறிப்பையும் முழுதாகப் படியுங்கள். நங்கூரம் கூடாது, மீன்பிடிக்கக் கூடாது, நுழையவே கூடாது என்று ஒவ்வொன்றும் வேறு. சென்னை, புதுச்சேரி வழியில் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு முன்னால் விலகியே போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலில் ஆபத்துப் பகுதி அறிவிப்பார்கள். அது சார்ட்டில் இருக்காது, கடல் எச்சரிக்கை அறிவிப்புகளில் வரும்.

கிளம்பும் முன் துறைமுகத்திலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திலும் எங்கே, எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிடுங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554 எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

தெற்கே ராமேஸ்வரம் வரைக்கும் போய், பாம்பன் பாலம் தாண்டி அந்தப் பக்கம் போகணும்னு ஆசை. சார்ட் இருந்தா போதுமா?

ஆசை நியாயமானது, ஆனால் இது முதல் வருடப் பயணம் இல்லை. பாக் நீரிணை முழுவதும் ஆழம் குறைந்த கடல். ராமர் பாலம் என்னும் மணல்திட்டு வரிசையில் பல இடங்களில் ஒரு மீட்டர், மூன்று மீட்டர்தான். திட்டுகள் இடம் மாறும். மேலே சொன்ன நம்பகத் தரத்தை ஒவ்வொரு சதுர மைலுக்கும் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே ஒதுங்கலாம், பவளத்தில் நங்கூரம் போடலாம் என்று நினைக்கவே வேண்டாம். பிறகு எல்லைக்கோடு. 1974, 1976 ஒப்பந்தங்களின்படி இந்திய, இலங்கைக் கடல் எல்லை சார்ட்டில் வரைந்திருக்கிறது. தண்ணீரில் அதற்கு எந்த அடையாளமும் இல்லை. நீரோட்டத்தில் தெரியாமல் தாண்டிய நம் மீனவர்கள் எத்தனை பேர் சிறையில் இருந்து வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சார்ட்டில் அந்தக் கோட்டுக்கு மூன்று மைல் இந்தப் பக்கமாக இன்னொரு கோடு நீங்களே வரைந்து, அதைத்தான் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாலத்துக்கு வருவோம். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி 17 மீட்டர் மேலே எழும். பக்கத்தில் 1988-இல் திறந்த சாலைப் பாலம் அசையாது. உங்கள் பாய்மரத்தின் உச்சி, அதன்மேல் உள்ள ஏரியல், விளக்கு எல்லாம் சேர்த்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கவனம்: சார்ட்டில் ஆழம் வற்றத்தின் மட்டத்திலிருந்து அளந்தது என்றால், பாலத்தின் உயரம் ஏற்றத்தின் மட்டத்திலிருந்து அளந்தது. இரண்டும் மோசமான நிலைமையை நினைத்துப் போட்டவை. ஏற்றத்தில் போனால் அடியில் தண்ணீர் கூடும், தலைக்கு மேல் இடம் குறையும். பாம்பன் துறைமுக அலுவலகத்தில் முன்கூட்டியே பேசி, பாலம் திறக்கும் நாளைக் கேட்டு, அந்த நாளின் ஓதத்தை அட்டவணையில் பார்த்து, இரண்டு கணக்கையும் ஒரே தாளில் போட்டுப் பாருங்கள். அதோடு அந்தக் கால்வாயில் தினமும் போய்வரும் உள்ளூர்க்காரர் ஒருவரைப் படகில் ஏற்றிக்கொள்ளுங்கள்.